அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்: வயிற்று நரம்பு ஊசியில் டெக்ஸா கலக்கிறார்களாம், சர்க்கரை இருக்கிறதே?

வைகைக்கரையாள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற புதன்கிழமை அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். வயது 56, எடை 62 கிலோ. ஃபைப்ராய்டு கட்டிகள் பெருத்து, கர்ப்பப்பை ஐந்து மாதக் கர்ப்பம் அளவுக்கு வந்துவிட்டதாம். துளை போட்டு எடுப்பது சரிவராது, அடிவயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் ஓடுகிறது. மூன்று மாத சராசரி (HbA1c) 7.4. பிரஷருக்கு மெட்டோபிரோலால்.

நேற்று மயக்க டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயதுக்காரர், ஆனால் பொறுமையாகப் பேசினார். முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன். முடிந்ததும், மேசையிலிருந்து இறக்குவதற்கு முன்பே, ஸ்கேன் பார்த்து வயிற்றின் இரண்டு பக்கமும், அங்குள்ள நரம்புகள் மரத்துப்போக, ‘டாப் பிளாக்’ என்று ஓர் ஊசி. எங்கள் சர்க்கரை ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே மூன்று பட்டை வரைந்து, இரண்டாவது பட்டைக்கும் மூன்றாவது பட்டைக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். “இங்கேதான் மருந்து போகும்” என்றார். கீழே ‘பியூபி 0.25, 20+20, டெக்ஸா 4+4’ என்று கிறுக்கியிருக்கிறார். டெக்ஸா எதற்கு என்று கேட்டேன். கலந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் என்றார். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்துதான் யோசிக்கிறேன். டெக்ஸா என்றால் டெக்ஸாமெத்தசோன்தானே? 2021-ல் கொரோனா வந்தபோது அப்பாவுக்கு அதைப் போட்டுச் சர்க்கரை 400-ஐத் தாண்டியது. இன்சுலின் போட்டு இறக்க ஒரு வாரம் ஆனது. அம்மாவுக்கும் அப்படி ஆகி, தையல் ஆறாமல் போனால்? மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் சித்தப்பா மகன், “இப்போதெல்லாம் டெக்ஸ்மெட்தான் போடுகிறார்கள், அதைக் கேள்” என்கிறான். அது வேறா, இதுவேதானா என்றே எனக்குத் தெரியவில்லை.

இந்த ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. 2009-ல் அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். அதுவும் திறந்து செய்த ஆபரேஷன், வேறு ஊரில். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் குழந்தை தூங்குகிறதாம், கத்தக் கூடாதாம். டாக்டர் எழுதி வைத்த ஊசி முடிந்தது, இனிக் காலையில் அவர் வந்தால்தான் என்றார்கள். இப்போதும் பெண்கள் வார்டு, ராத்திரி துணைக்கு நான் ஒருத்திதான். அந்த இரண்டு மணியை நினைத்தால் இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை முருகு எழுதியது:

நான் டாக்டர் இல்லை, லேத் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்தார்கள். எனக்கும் முதுகு ஊசி, அப்புறம் இடுப்புக்கு மேலே இந்த நரம்பு ஊசி. சாயங்காலம் கால் உயிர் வந்துவிட்டது, வயிறு மட்டும் யாரோ ஒருவருடைய வயிறு மாதிரி இருந்தது. கிள்ளிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆறு மணிக்கு நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தார். எனக்குத்தான் வலியே இல்லையே, எதற்கு மாத்திரை என்று வீரமாகத் திருப்பி அனுப்பினேன். பத்தே முக்காலுக்கு மெதுவாக எரிச்சல். பதினொன்றரைக்கு, ஆறு மணி நேரமாகச் சேர்த்து வைத்த வலியெல்லாம் வட்டியோடு வந்து நின்றது. மாத்திரை போட்டு அது வேலை செய்ய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை மறக்க மாட்டேன்.

ஊசி நல்ல ஊசி, குறை சொல்ல மாட்டேன். அம்மாவை மாத்திரையைத் திருப்பி அனுப்ப மட்டும் விடாதீர்கள்.

பழைய மயக்குநர் எழுதியது:

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மயக்க மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை. கடைசி முடிவு அவரைப் பார்த்த டாக்டருடையது. ஆனால் அந்த ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதியதைப் படித்துச் சொல்ல முடியும்.

வயிற்றின் பக்கவாட்டில் தசை மூன்று அடுக்கு, வாழை மட்டை போல ஒன்றன்மேல் ஒன்று. வயிற்றுச் சுவரின் உணர்ச்சி நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கிளம்பி, இரண்டாம் மூன்றாம் அடுக்குக்கு நடுவே ஓடி முன்பக்கம் வருகின்றன. அந்த இடைவெளியில் மருந்தை விட்டால் தோல், தசை, வயிற்றின் உட்சவ்வு வரை மரத்துப்போகும். 2001-ல் ராஃபி என்ற மருத்துவர் இதை எழுதினார். அப்போது ஸ்கேன் கிடையாது. இடுப்பு எலும்புக்கு மேலே ஒரு முக்கோணத்தைத் தடவிக் கண்டுபிடித்து ஊசியை இறக்குவோம். ‘டப்’ என்று ஒரு சவ்வு விடும், இன்னொரு ‘டப்’ வந்ததும் நிறுத்த வேண்டும். இரண்டாவது வந்ததா, நாமே கற்பனை செய்துகொண்டோமா என்று சந்தேகம் வரும் நாட்களும் உண்டு. இப்போது ஸ்கேனில் ஊசி நுனி தெரிகிறது. சரியான இடத்தில் முதல் இரண்டு மி.லி. போனதுமே இரண்டு அடுக்கும் பிரிந்து, நடுவில் கறுப்பாக ஒரு கண் திறப்பது போல இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை. (ஸ்கேன் மிஷின் என்றால் எதுவானாலும் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும், நாங்கள் நரம்பு பார்க்கிற மிஷினும்தான். அதற்காக நான் அலைந்த கதை தனி.)

சரி, கணக்குக்கு வருவோம். பியூபி என்பது பியூபிவக்கைன், மரக்க வைக்கும் மருந்து. 0.25 சதவீதம் என்றால் ஒரு மி.லி.யில் 2.5 மி.கி. பக்கத்துக்கு 20 மி.லி., மொத்தம் 100 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. என்று கறாராக வைத்தாலும் 62 கிலோவுக்கு 124 வரை போகலாம். முதுகு ஊசியில் போகும் 15 மி.கி.யைச் சேர்த்தாலும் உள்ளேதான் நிற்கிறது. அந்த இளைஞர் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார். அளவு மீறி ரத்தத்தில் கலந்தால் காதில் இரைச்சல், உதடு மரத்தல், வலிப்பு, மோசமானால் இதயமே நிற்பது வரை போகும். அதற்கு 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் தியேட்டரில் தயாராக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று தாராளமாகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த ஊசி தனியாக எட்டு மணி நேரம் தாங்கினால் நல்லது. சிலருக்கு ஆறு, சிலருக்குப் பன்னிரண்டு. பகல் ஒரு மணிக்குப் போட்டால் எப்போது விடும் என்று எண்ணிப் பாருங்கள். ராத்திரி ஒன்பது, பத்து. வார்டில் ஆள் குறைந்து, விளக்கு அணைந்து, டியூட்டி டாக்டர் ஒருவரே மூன்று மாடியையும் பார்க்கிற நேரம். கூட ஒரு மருந்து கலப்பதே இதற்காகத்தான். விடுகிற நேரத்தை நள்ளிரவுக்கு அப்பால், முடிந்தால் விடியலை ஒட்டித் தள்ளிவிடப் பார்க்கிறோம். முழுசாக வலியை ஒழிக்கிற மருந்து என்று யாரும் நினைக்க வேண்டாம். கை கால் நரம்புகளில் டெக்ஸா கலந்தால் ஆறேழு மணி நேரம்கூடக் கூடுதலாகக் கிடைக்கும். வயிற்றுச் சுவரில் அவ்வளவு தாராளம் கிடையாது, சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரம் ராத்திரியில் விழுவதால்தான் அதற்கு மதிப்பு.

கலப்பது புதுப் பழக்கம் ஒன்றுமில்லை. பல் டாக்டர் போடுகிற ஊசியிலேயே அட்ரினலின் இருக்கும். ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தை அதே இடத்தில் பிடித்து வைக்கும். ஜெர்மனியில் ஹைன்ரிக் பிரவுன் அதை 1903-லேயே எழுதிவிட்டார்.

இப்போது உங்கள் சித்தப்பா மகன் சொன்னது. டெக்ஸா வேறு, டெக்ஸ்மெட் வேறு. பெயரில் மட்டும்தான் சொந்தம். தியேட்டரில் அவசரத்தில் “டெக்ஸ் கொடு” என்று யாராவது சொன்னால் நான் திட்டுவேன், முழுப் பெயரையும் சொல்ல வேண்டும். டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு. டெக்ஸ்மெடிடோமிடின் தூக்க மருந்து வகை. அமெரிக்காவில் 1999-ல் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை அமைதியாக வைக்க அனுமதி பெற்று வந்தது. நரம்பு ஊசியில் கலந்தால் அதுவும் நன்றாகவே நீட்டிக்கும். ஆனால் நாடித்துடிப்பைக் குறைக்கும், பிரஷரை இறக்கும், ஆளைச் சொக்க வைக்கும். உங்கள் அம்மா சாப்பிடும் மெட்டோபிரோலாலும் நாடியைக் குறைக்கிற மாத்திரைதான். இரண்டும் சேர்ந்து நாடி நாற்பதுக்குப் போனால் ராத்திரி வார்டில் யார் கவனிப்பது? டெக்ஸா போட்டால் சர்க்கரை ஏறும். அதை விரலில் குத்தி அளக்கலாம், இன்சுலினால் இறக்கலாம். அவர் டெக்ஸாவைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

இரண்டுக்குமே மருந்து உறையில் ‘நரம்புக்கு அருகில் போடலாம்’ என்று எழுதியிருக்காது. அனுபவத்தாலும் ஆய்வுகளாலும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், அனுமதிச் சீட்டு அதற்கு இல்லை. இதை நோயாளியிடம் சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்காது.

அப்பாவுக்கு ஆனதை இதோடு ஒப்பிடாதீர்கள். கொரோனாவில் தினமும் 6 மி.கி. வீதம் பத்து நாள் வரை போட்டார்கள், உடம்பும் அப்போது நோயில் எரிந்துகொண்டிருந்தது. இது ஒரே ஒரு தடவை. சர்க்கரை அன்று சாயங்காலத்திலிருந்து ஏறி, பெரும்பாலும் ஒரு நாளில் இறங்கிவிடும். தையல் ஆறுமா என்ற பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. 2021-ல் வெளியான, ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்ட ஒரு பெரிய ஆய்வு, 8,000-க்கும் மேற்பட்டவர்கள், சர்க்கரை உள்ளவர்களும் அதில் உண்டு. ஆபரேஷனின்போது ரத்தக்குழாயில் 8 மி.கி. டெக்ஸா கொடுத்தவர்களுக்குப் புண்ணில் சீழ் பிடிப்பது கூடவில்லை.

என்றாலும் என் கையில் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்தே 4 மி.கி.தான் போடுவேன். எட்டுக்கும் நாலுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் நான் பார்க்கவில்லை. இன்னொரு வழியும் உண்டு. அதே டெக்ஸாவைக் கையில் ஓடும் டிரிப்பில் கொடுத்தாலும் பிளாக் ஓரளவு நீளும், வாந்தியும் அடங்கும். கடைசி வருடங்களில் நான் அதற்கே மாறிவிட்டேன். காரணம் ஒரு சம்பவம். அன்று பியூபிவக்கைன் இல்லை, அதே வகை மருந்தான ரோபிவக்கைன் இருந்தது. மாணவி ஒருத்தி அதில் டெக்ஸாவை இழுத்ததும் சிரிஞ்சு கலங்கியது, நீராகாரம் மாதிரி. டெக்ஸா காரத்தன்மை உள்ளது. ரோபிவக்கைன் அதில் கரையாமல் துகளாகிவிடும். அந்தப் பெண் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் விட்டிருந்தால் அது நோயாளிக்குள் போயிருக்கும். கொட்டிவிட்டு வேறு மருந்து இழுத்தோம். பியூபிவக்கைனில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. ஆனாலும் கலக்காமலே காரியம் நடக்கும்போது ஏன் கலக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. உங்கள் டாக்டர் கலப்பேன் என்றால் அதுவும் தவறில்லை.

கடைசியாக ஒன்று, இதைத்தான் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். டாப் பிளாக் வயிற்றுச் சுவருக்கு மட்டும்தான். உள்ளே கர்ப்பப்பை இருந்த இடத்தில் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு வலி வரும், அதற்கு வேறு நரம்பு. ஊசி வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத்தான் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் எல்லாம். கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்; ஒன்பது வருடச் சர்க்கரை, சிறுநீரகம் சரியாக இருந்தால்தான் டைக்ளோ. பட்டறைக்காரர் சொன்னது தங்கமான வார்த்தை, பிளாக் விடுவதற்கு முன்பே மருந்து உள்ளே இருக்க வேண்டும்.

நைட் டியூட்டி எழுதியது:

அக்கா, நான் ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்க்கும் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர் சார் சொன்னதற்கு மேல் மருந்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, ராத்திரி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பாராசிட்டமால் பாட்டில் 100 மி.லி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று எழுதியிருப்பார்கள். அம்மா தூங்குகிறார்களே, பாவம் எழுப்ப வேண்டாம் என்று துணைக்கு இருப்பவர்களே எங்களைத் தடுப்பார்கள். தடுக்காதீர்கள், டிரிப்பில் போவதற்கு எழுப்பவே வேண்டியதில்லை.

வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டால் நம் அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே பதில், “பரவாயில்லம்மா.” அதனால் நான் “பத்து ரூபாயில் எத்தனை ரூபாய் வலி?” என்று கேட்பேன். உடனே கணக்கு வந்துவிடும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, இருமச் சொல்லி ஒரு தடவை கேளுங்கள். இருமும்போது நாலு, ஐந்து என்றால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள், எட்டு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இருமும்போது வயிற்றின்மேல் சின்னத் தலையணையை வைத்து அமுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெந்நீர்ப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மரத்த வயிற்றில் சுடுவது தெரியாது; கொப்புளம் வந்த பிறகு பார்த்திருக்கிறேன். முதல் தடவை எழுந்திருக்கும்போது எங்களில் ஒருவர் கூட இருக்க வேண்டும். மருந்து கொஞ்சம் கீழே இறங்கித் தொடை நரம்பைப் பிடித்திருந்தால் முழங்கால் மடங்கிவிடும். சர்க்கரையை ராத்திரியும் பார்க்கச் சொல்லி டாக்டரிடமே எழுதி வாங்கிவிடுங்கள். எழுத்தில் இருந்தால் யார் டியூட்டிக்கு வந்தாலும் செய்வார்கள்.

வைகைக்கரையாள் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கிரியாட்டினின் 0.9. திங்கட்கிழமை மறுபடி போய் மயக்க டாக்டரைப் பார்த்தேன். டிரிப்பில் கொடுக்கலாமா என்று கேட்டதும் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். “எங்கே படித்தீர்கள்?” என்றார். ஓர் ஓய்வுபெற்ற மயக்குநர் சொன்னார் என்றேன், சிரித்துவிட்டார். டிரிப்பில் 4 மி.கி. என்று மாற்றி எழுதினார். கொழுப்புக் கரைசல் பாட்டிலையும் பார்த்தே ஆக வேண்டுமா என்று கேட்டார். கூச்சமாகப் போய்விட்டது, வேண்டாம் என்றேன்.

வைகைக்கரையாள் எழுதியது (எட்டு நாள் கழித்து):

வீட்டுக்கு வந்துவிட்டோம். நடந்ததை எழுதுகிறேன், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

பத்தேகாலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றரைக்கு வெளியே வந்தார். கால் இரண்டும் மரத்துப்போய், உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, போர்வை போட்டதும் நின்றது. நாலரை மணிக்குக் கால் விரலை ஆட்டினார். வயிற்றில் ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லி அவரே தட்டிப் பார்க்கப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன்.

ராத்திரி பத்து மணிக்குச் சர்க்கரை 268. எனக்குக் கை நடுங்கியது. நர்ஸ் அலட்டிக்கொள்ளாமல் எழுதியிருந்தபடி இன்சுலின் போட்டார். இரண்டு மணிக்கு 204. காலை ஆறுக்கு 171.

அந்த இரண்டு மணிக்கு நான் விழித்துத்தான் இருந்தேன். அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மூன்றரைக்கு எழுந்து, உள்ளே யாரோ பிடித்து இழுக்கிறாற்போல இருக்கிறது என்றார், சார் எழுதிய அதே வார்த்தை. “பத்து ரூபாயில் எவ்வளவு?” என்றேன். யோசித்து, “மூன்றரை ரூபாய். இருமினா அஞ்சு” என்றார். பாட்டில் மாற்றினார்கள், நாலரைக்குள் மறுபடி தூங்கிவிட்டார். விடியும்போது தையல் இருந்த இடமும் எரியத் தொடங்கியது, ஆனால் ஏழரைக்கு நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்தார்.

தையல் காய்ந்துவிட்டது, நேற்றுப் பிரித்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் பிளாக் போட்டதையும் மருந்து அளவையும் எழுதித் தரச் சொல்லி வாங்கி, 2009 ஃபைலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, தன் முழங்கால் வலிக்காகவும் அந்த மயக்க டாக்டர் தம்பியிடமே இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று மூன்று நாளாகக் கேட்கிறார். சார், என்ன பதில் சொல்லட்டும்?

பழைய மயக்குநர் எழுதியது:

அது வேறு நரம்பு என்று சொல்லுங்கள். முதலில் வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வரட்டும், வந்ததும் எழுதுங்கள்.